டிவி பக்கத்தில் ஒரு சின்னக் கணினி: எந்தச் சிப், எத்தனை வாட்?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாற வேண்டுமானால், இன்டெல் சிப்களில் பொதுவாக 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கும் 6, 7-ஆம் தலைமுறை அலுவலகக் கணினிகள் இப்போது பழைய பொருள் சந்தைக்கு வருகின்றன. புத்தகம் அளவுக்கே இருக்கும் டெல் மைக்ரோ, எச்பி மினி, லெனோவோ டைனி பெட்டிகள் சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. இன்னொரு பக்கம் இன்டெல் என்100 சிப் போட்ட புது மினி பிசிகள். மூன்றாவதாக, ஒரே சின்னப் பலகையில் முழுக் கணினியாக வரும் ராஸ்பெர்ரி பை. இதற்கு நடுவே, 2025 இறுதியில் ரேம் விலை ஏறியதால் புதுப் பெட்டிகளின் விலையும் நிலையாக இல்லை.

டிவியில் படம் பார்க்க மலிவாக, சத்தமில்லாமல், கரண்ட் அதிகம் தின்னாத ஒரு கணினி வேண்டும் என்று தேடுபவர் இங்கேதான் குழம்புகிறார். எல்லாப் பெட்டியின் மீதும் "4கே" என்று எழுதியிருக்கிறது. எது உண்மையிலேயே திக்காமல் 4கே ஓட்டும்?

படத்தை ஓட்டுவது சிபியு இல்லை

ஒரு 4கே காட்சியில் 3840 × 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். சினிமாவில் நொடிக்கு 24 காட்சிகள். இதைச் சுருக்காமல் அனுப்பினால், சாதாரண 8-பிட் நிறத்தில்கூட நொடிக்கு ஏறக்குறைய 2,400 மெகாபிட் தேவைப்படும். ஆனால் 4கே-க்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் நொடிக்கு 15 மெகாபிட்தான். நூறு மடங்குக்கு மேல் சுருக்கித்தான் படம் நம்மிடம் வருகிறது. அப்படிச் சுருக்கும், விரிக்கும் முறைக்குத்தான் கோடெக் என்று பெயர்.

சுருக்கியதை விரிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு.

1. சிபியு கணக்குப் போட்டு விரிப்பது. இது மென்பொருள் டிகோடிங். எந்தக் கோடெக்கையும் விரிக்கலாம், ஆனால் சிபியு மூச்சு வாங்கும், சூடாகும், விசிறி சுற்றும்.
2. கிராஃபிக்ஸ் பகுதிக்குள் அந்தக் கோடெக்குக்கென்றே செதுக்கி வைத்த தனிச் சுற்று விரிப்பது. இது ஹார்டுவேர் டிகோடிங். சில வாட்டில் வேலை முடிந்துவிடும், சிபியு கிட்டத்தட்ட சும்மா இருக்கும்.

இந்தத் தனிச் சுற்று சிப்பைச் செய்யும்போதே இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பிறகு எந்த அப்டேட் போட்டும் வரவழைக்க முடியாது. 2013-இல் வந்த கோர் ஐ7-4770 சிப் 84 வாட் வகை. அந்தக் காலத்தில் பெரிய சிப். ஆனால் இன்றைய 4கே படங்களில் பெரும்பாலானவை இருக்கும் 10-பிட் எச்இவிசி என்ற கோடெக்கை விரிக்கும் சுற்று அதில் இல்லை. 2023 ஜனவரியில் வந்த என்100 வெறும் 6 வாட் வகை, அதில் அந்தச் சுற்று உண்டு. கனமான ஒரு 4கே கோப்பைக் கொடுத்தால் ஐ7 திணறும் இடத்தில் என்100 அலட்டிக்கொள்ளாமல் ஓட்டும். ஹோம் தியேட்டர் கணினி வாங்கும்போது "ஐ3-யா, ஐ5-ஆ, ஐ7-ஆ" என்று கேட்பதால் பயனில்லை. எந்தத் தலைமுறை, அதில் எந்த டிகோடர் என்பதுதான் கேள்வி.

உங்கள் படங்கள் எந்தக் கோடெக்கில் இருக்கின்றன?

1. எம்பெக்-2: டிவிடி, பழைய ஒளிபரப்பு. எந்தக் கணினியும் ஓட்டும்.
2. எச்.264: 2003-இல் வந்தது. ப்ளூ-ரே வட்டுகள், பெரும்பாலான 1080பி கோப்புகள். கடந்த பத்து ஆண்டுகளில் வந்த எந்த இன்டெல், ஏஎம்டி சிப்புக்கும் இது பிரச்சினையே இல்லை.
3. எச்இவிசி: எச்.265 என்றும் சொல்வார்கள், 2013. 4கே ப்ளூ-ரே, ஓடிடி 4கே, இப்போதைய போன்களில் எடுக்கும் வீடியோ. நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறது என்பதைப் பொறுத்து இதில் 8-பிட், 10-பிட் என்று இரண்டு வகை. எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் கூடுதல் நுணுக்கத்தோடு தெரியும் வகை) படம் என்றால் 10-பிட்தான்.
4. விபி9: கூகுள் உருவாக்கியது. யூடியூபின் 1440பி, 4கே பெரும்பாலும் இதில்தான்.
5. ஏவி1: 2018. யூடியூபும் நெட்ஃபிளிக்ஸும் மெல்ல மெல்ல இதற்கு நகர்கின்றன. இனி வருவதில் இதன் பங்கு கூடத்தான் செய்யும்.

ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்தே தெரிந்துகொள்ளலாம். யூடியூப் வீடியோவின் மேல் வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலின் கடைசிப் பக்கம் "ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் கோடெக் வரியில் ஏவி01, விபி09, ஏவிசி1 என்று மூன்றில் ஒன்று தெரியும். மூன்றாவதுதான் எச்.264. கைவசம் இருக்கும் கோப்புகளுக்கு மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். "எச்இவிசி, மெயின் 10" என்று காட்டினால் அது 10-பிட்.

தலைமுறை ஏணி

இன்டெல் சிப்புகளில் இரண்டு படிகள்தான் முக்கியம். 7-ஆம் தலைமுறையில் 10-பிட் எச்இவிசி-யும் விபி9-உம் முழுமையாக ஹார்டுவேருக்குள் வந்தன. 2020-இல் வந்த 11-ஆம் தலைமுறையில் ஏவி1 வந்தது. நடுவே உள்ள 8, 9, 10 எல்லாம் வீடியோ விஷயத்தில் ஏறக்குறைய 7-ஐப் போலத்தான். அதிகக் கோர், அதிக வேகம் என்று அவற்றுக்குக் கூடுதல் விலை கேட்டால், படம் பார்க்க மட்டும் வாங்குபவர் கொடுக்க வேண்டியதில்லை.

பழைய பெட்டி வாங்குபவர் ஏமாறக்கூடிய இடம் 6-க்கும் 7-க்கும் நடுவில் இருக்கிறது. ஐ5-6500டி போட்ட பெட்டியும் ஐ5-7500டி போட்ட பெட்டியும் வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றாகவே இருக்கும். இரண்டும் நாலு கோர், இரண்டும் 35 வாட் வகை. விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் 6500டி 10-பிட் எச்இவிசி-க்கு வரும்போது பாதி வேலையைக் கிராஃபிக்ஸ் கோர்களிலும் சிபியுவிலும் தள்ளிவிடும். 7500டி தனிச் சுற்றிலேயே முடித்துவிடும். விற்பவர் "ஐ5, எஸ்எஸ்டி, 8 ஜிபி" என்று மட்டும் எழுதியிருந்தால், சிப்பின் முழு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். நாலு இலக்க எண் என்றால் முதல் இலக்கம் 7 ஆகவோ அதற்கு மேலோ இருக்கட்டும். கடைசியில் "டி" என்ற எழுத்து இருந்தால் குறைந்த வாட் வகை என்று பொருள். டி இல்லாத 7500 என்றால் 65 வாட்.

குறைந்த மின்சாரப் புதுச் சிப்களிலும் இதே கதைதான். ஜே4125, என்5095, என்95, என்100, என்150 எல்லாம் ஒரே மாதிரிப் பெட்டிகளில், அடுத்தடுத்த விலையில் விற்கப்படும். முதல் இரண்டிலும் 10-பிட் எச்இவிசி, விபி9 உண்டு, ஏவி1 கிடையாது. மற்ற மூன்றிலும் ஏவி1 உண்டு. என்95 15 வாட் வகை, கிராஃபிக்ஸும் கொஞ்சம் சிறியது. 2025-இல் வந்த என்150, என்100-ஐவிடச் சற்று வேகம். படம் பார்க்க இரண்டும் ஒன்றுதான், எது மலிவோ அதை எடுக்கலாம்.

ஏஎம்டி-யில் 2022-இல் வந்த ரைசன் 6000 லேப்டாப் வரிசையிலிருந்து ஏவி1 உண்டு. பெயரைப் பார்த்து நம்பிவிட வேண்டாம். 7030 வரிசை எண்ணில் புதியது, உள்ளே இருப்பதோ பழைய வேகா கிராஃபிக்ஸ், அதில் ஏவி1 இல்லை.

டிவி வரை போகும் வழி: எச்டிஎம்ஐ

சிப் சரியாக இருந்தும் படம் சரியாக வராமல் போவதற்கு முக்கியக் காரணம் இந்தத் துளைதான். எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே படம் நொடிக்கு 30 காட்சிகளுக்கு மேல் போகாது. 60 வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.0 தேவை. எச்டிஆர் தகவல் போக 2.0ஏ.

என்100 பெட்டிகளில் பொதுவாக 2.0 இருக்கும். அந்தப் பழைய அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் எச்டிஎம்ஐ 1.4 மட்டும்தான். சினிமா 24 காட்சிகள்தான் என்பதால் படம் ஓடிவிடும். ஆனால் மெனுவில் நகரும்போது மவுஸ் இழுத்து இழுத்து வரும், 60 காட்சிகளில் எடுத்த கிரிக்கெட் வீடியோ வெட்டி வெட்டித் தெரியும்.

இதற்கு வழி உண்டு. அந்தப் பெட்டிகளில் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 துளை இருக்கும், அதில் 4கே 60 வெளியே வரும். "ஆக்டிவ்" வகை டிஸ்ப்ளேபோர்ட்–எச்டிஎம்ஐ 2.0 மாற்றி ஒன்று வாங்கினால் டிவியில் 60 கிடைக்கும். கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண மாற்றி "பாசிவ்" வகை. அது மறுபடியும் 30-லேயே கொண்டுபோய் நிறுத்தும். பழைய பெட்டியின் விலையைக் கணக்குப் போடும்போது இந்த ஆக்டிவ் மாற்றியின் விலையையும் சேர்த்துப் பாருங்கள்.

வீட்டில் இருப்பது 1080பி டிவி என்றால் இந்தப் பகுதியை மறந்துவிடலாம். எச்டிஎம்ஐ 1.4 தாராளம்.

வாட் கணக்கு

டிடிபி என்று எழுதியிருக்கும் வாட், கணினி சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தின் அளவு அல்ல. நீண்ட நேர வேலையில் சிப் வெளியேற்றும் வெப்பத்துக்கான வடிவமைப்பு எண் அது. பல தயாரிப்பாளர்கள் 6 வாட் என்100-ஐயே இன்னும் அதிகமாக இழுக்கும்படி பயாஸில் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்பு) விட்டுவைக்கிறார்கள். ரேம், எஸ்எஸ்டி, வைஃபை, அடாப்டரின் இழப்பு எல்லாம் தனி. சும்மா இருக்கையில் 6 முதல் 10 வாட், முழுப் பளுவில் 20 முதல் 30 வாட் என்பது என்100 பெட்டிக்குச் சாதாரணம். டி வகை 7-ஆம் தலைமுறைப் பெட்டி சும்மா இருக்கையில் இதைவிடச் சில வாட் கூடுதல், அவ்வளவுதான்.

இதை பில்லாக மாற்றிப் பார்ப்போம். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய டவர் கணினி சும்மா இருக்கையில் 45 வாட், படம் ஓடுகையில் 60 வாட் என்றும், மினி பிசி 7 வாட், 10 வாட் என்றும் வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 8 ரூபாய்.

1. தினம் 4 மணி நேரம் பார்த்துவிட்டு அணைப்பவர்: இரண்டு மாதத்தில் டவர் 14.4 யூனிட், மினி 2.4 யூனிட். மிச்சம் 12 யூனிட், 96 ரூபாய்.
2. இரவு பகல் ஓடவிடுபவர் (டவுன்லோடு, வீட்டுப் புகைப்பட சர்வர்): சும்மா இருக்கும் அளவிலேயே டவர் 65 யூனிட், மினி 10 யூனிட். மிச்சம் 55 யூனிட், சுமார் 440 ரூபாய்.

முதல் வகையினருக்கு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க என்று புதுக் கணினி வாங்காதீர்கள். ஆண்டுக்கு 600 ரூபாய்கூட மிச்சமாகாது, போட்ட காசு திரும்பப் பல வருடம் ஆகும். கையில் இருக்கும் டவரில் தேவையான டிகோடர் இருந்தால் அதையே டிவியோடு இணைத்துப் பாருங்கள். இரண்டாம் வகையினருக்குக் கணக்கு நிஜமாகவே மாறுகிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைக்கும் குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகும். கோடையில் ஏசி போட்டு 480-இல் நிற்கும் வீட்டுக்கு அந்த 55 யூனிட் சின்ன விஷயமில்லை.

குறைந்த வாட்டின் உண்மையான பலன் வெப்பத்திலும் சத்தத்திலும் தெரியும். 10 வாட் பெட்டிக்கு விசிறி மெதுவாகச் சுற்றினால் போதும், சிலவற்றுக்கு விசிறியே வேண்டாம். படத்தில் வசனம் தணிந்து வரும் நேரத்தில் மூலையிலிருந்து உய்ங் என்று சத்தம் வராது. ஒன்று மட்டும்: விசிறியில்லாப் பெட்டியை மே மாதத்தில் கதவு மூடிய டிவி அலமாரிக்குள் வைக்க வேண்டாம். சூடு ஏறினால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் திக்கும்.

ராஸ்பெர்ரி பை யாருக்கு?

2023 அக்டோபரில் வந்த பை 5 சும்மா இருக்கையில் சுமார் 3 வாட்தான் எடுக்கும். 4கே எச்இவிசி-க்கு ஹார்டுவேர் டிகோடர் உண்டு. ஆனால் விபி9-க்கும் ஏவி1-க்கும் கிடையாது. பை 4-இல் இருந்த எச்.264 டிகோடரைக்கூட 5-இல் எடுத்துவிட்டார்கள். 1080பி எச்.264-ஐ அதன் சிபியுவே சமாளித்துவிடும் என்பதால் அது குறையாகத் தெரியாது. யூடியூப் 4கே-தான் உதைக்கும்.

பலகை விலையை மட்டும் பார்த்து மலிவு என்று எண்ணிவிட வேண்டாம். பவர் அடாப்டர், கூலர், பெட்டி, மெமரி கார்டு எல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டும். அடாப்டரில் மிச்சம் பிடிக்கப் பார்த்தால் வேறு தொல்லை வரும். 5 ஆம்பியர் அடாப்டர் போட்டால்தான் பை 5 தன் யுஎஸ்பி துளைகளுக்கு மொத்தம் 1.6 ஆம்பியர் தரும். 3 ஆம்பியர் போன் சார்ஜரைச் சொருகினால் 0.6 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். வெளி ஹார்டு டிஸ்க் அதில் சுற்றத் தொடங்கி, டிக் டிக் என்று தட்டி நின்றுபோகும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிப் போவதற்கு முன்னால் சார்ஜரைப் பாருங்கள்.

பை-யில் ஒரு பெரிய வசதி சிஇசி. எச்டிஎம்ஐ கம்பி வழியாகவே டிவி ரிமோட்டின் கட்டளை பை-க்குப் போகும். கோடி போன்ற பிளேயரை டிவி ரிமோட்டிலேயே ஓட்டலாம். மினி பிசிகளில் பெரும்பாலும் இது இல்லை. வீட்டில் பெரியவர்கள் பார்க்க வேண்டும், படங்கள் எல்லாம் கோப்புகளாகவே இருக்கின்றன, யூடியூபை டிவியிலேயே பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் பை நல்ல தேர்வு.

ஓடிடி என்றால் வேறு கதை

நெட்ஃபிளிக்ஸ், பிரைம் போன்றவை படத்தைப் பூட்டி அனுப்புகின்றன. திறக்கும் சாவி ஹார்டுவேருக்குள்ளேயே பாதுகாப்பாக இருந்தால்தான் உயர்ந்த தரம் தருவார்கள். கூகுளின் வைட்வைன் முறையில் இதற்கு எல்1 என்று பெயர். லினக்ஸ் பிரௌசர்கள் பொதுவாக எல்3 நிலையிலேயே நிற்கும், தரமும் அதற்கேற்பக் குறையும். விண்டோஸில் நெட்ஃபிளிக்ஸ் 4கே பார்க்க எட்ஜ் பிரௌசர், எச்இவிசி நீட்சி, எச்டிசிபி 2.2 (எச்டிஎம்ஐ வழியே படம் திருடப்படாமல் காக்கும் பூட்டு) உள்ள டிவி என்று எல்லாமும் பொருந்தி வர வேண்டும். என்100 எவ்வளவு வேகமாக இருந்தாலும் இதை மாற்ற முடியாது.

ஆகவே, ஓடிடி மட்டும் பார்ப்பவருக்கு அங்கீகாரம் பெற்ற ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போதும். டால்பி விஷன் என்ற எச்டிஆர் வகை வேண்டும் என்பவருக்கும் அதுவே சுலபம். சொந்தமாகச் சேர்த்த படங்கள், பழைய டிவிடிகளிலிருந்து எடுத்த கோப்புகள், கல்யாண வீடியோக்கள், தனித்தனி சப்டைட்டில் கோப்புகள் என்று வைத்திருப்பவர்களுக்குத்தான் கணினி தேவைப்படுகிறது.

ஒலியும் 24 காட்சியும்

சவுண்ட்பாரை டிவியின் ஏஆர்சி துளையில் (டிவியிலிருந்து ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ துளை) மாட்டியிருந்தால் சாதாரண டால்பி டிஜிட்டல் 5.1 போகும். ப்ளூ-ரேயின் ட்ரூஎச்டி ஒலி ஏஆர்சியில் நுழையாது, அதன் புதிய வடிவமான இஏஆர்சி வேண்டும், அல்லது கணினியை நேரே ஏவி ரிசீவரில் இணைக்க வேண்டும்.

24 காட்சிப் படத்தை 60 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டினால் ஒரு காட்சி மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறித் தெரியும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் சிறு தடுக்கல் தெரிவது இதனால்தான். கணினிக்கு வலு போதவில்லை என்று நினைத்து ரேம் கூட்டுபவர்கள் உண்டு. கோடியில் படத்துக்கேற்பத் திரை வேகத்தை மாற்றும் அமைப்பை இயக்கினால் போய்விடும், பைசா செலவில்லை.

வாங்கும்போதும் பொருத்தும்போதும்

பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் முடிக்க நினைப்பவருக்கு என் வரிசை இது: எல்லாமும் ஒன்றிலேயே வேண்டுமானால் என்100 அல்லது என்150. செலவை இன்னும் குறைக்க வேண்டுமானால் 7-ஆம் தலைமுறை டி வகைப் பழைய பெட்டியில் லிப்ரெஎலெக். இது கோடியை மட்டும் ஓட்டும் சின்ன லினக்ஸ், விண்டோஸ் 11 பற்றிய கவலையே வேண்டாம். லிப்ரெஎலெக்குக்கு 4 ஜிபி ரேம் தாராளம், விண்டோஸுக்கு 8. ரேம் விலை ஏறியிருக்கும் நேரத்தில் 16 ஜிபி என்று கேட்டு வாங்க வேண்டிய அவசியமில்லை.

பழைய பெட்டி என்றால் கடையிலேயே பார்க்க வேண்டியவை:

1. சிப்பின் முழு எண். பில்லில் எழுதி வாங்குங்கள்.
2. அந்த நிறுவனத்தின் அசல் அடாப்டர் கூடவே வருகிறதா? அடையாளம் தெரியாத அடாப்டர் போட்டால் சில பெட்டிகள் வேகத்தைக் குறைத்துவிடும்.
3. பயாஸுக்குள் போக முடிகிறதா? அலுவலகம் போட்ட பாஸ்வேர்டு இருந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.
4. ஒரு 4கே 10-பிட் கோப்பை பென்டிரைவில் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் "வீடியோ டிகோட்" வரைபடம் ஏற வேண்டும், சிபியு கீழேயே கிடக்க வேண்டும். சிபியு 90 சதவீதத்தைத் தொட்டால் தனிச் சுற்று வேலை செய்யவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒயர்லெஸ் கீபோர்டு, மவுஸ் விட்டு விட்டு வேலை செய்தால் பேட்டரியைக் குறை சொல்லும் முன், அதன் ரிசீவர் எங்கே சொருகியிருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி 3 துளையும் அதில் மாட்டிய டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் எழுப்பும், ரிசீவர் பேசுவதும் அதே அலைவரிசையில். ஒரு சாண் யுஎஸ்பி 2 நீட்டிப்புக் கம்பி போட்டு ரிசீவரைத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

ரவுட்டருக்கு வாங்கிய 12 வோல்ட் சின்ன யூபிஎஸ்ஸில் மினி பிசியையும் ஓட்டலாமா என்று யோசிப்பவர்கள், இரண்டின் ஆம்பியர் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். யூபிஎஸ் 2 ஆம்பியர் என்று போட்டு, கணினியின் அடாப்டர் 3 ஆம்பியர் என்று சொன்னால் மாட்ட வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டரே போதும். கரண்ட் போய் வந்ததும் பெட்டி தானாகவே எழுந்துகொள்ள வேண்டுமானால், பயாஸில் "ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்" என்ற அமைப்பை "பவர் ஆன்" என்று மாற்றிவிடுங்கள். டிவிக்குப் பின்னால் திருகி மாட்டிய பெட்டியின் பொத்தானைத் தேட வேண்டியிருக்காது.